பழைய டிவிக்குச் சின்னப் பெட்டி போதுமா?

கேள்வி: எங்கள் எல்.இ.டி. டிவி நன்றாக ஓடுகிறது, ஆனால் ஸ்மார்ட் டிவி அல்ல. மலிவான ஸ்ட்ரீமிங் பெட்டி ஒன்றை மாட்டிப் பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. டிவியில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் போதும். 2013-ல் கூகுள் 35 டாலருக்கு குரோம்காஸ்ட்டைக் கொண்டுவந்ததே இப்படிப்பட்ட டிவிகளுக்காகத்தான்.

ஆனால் எந்தப் பெட்டி என்பதில் கவனம் தேவை. சில மலிவுப் பெட்டிகளின் அட்டையில் '4கே' என்று பெரிதாகப் போட்டிருக்கும். நெட்ஃபிளிக்ஸைத் திறந்தால் முகங்கள் மங்கலாகத் தெரியும். வைட்வைன் என்ற பாதுகாப்புப் பூட்டில் எல்1 தரம் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம். எல்3 மட்டும் உள்ள பெட்டியில் படம் 480பி-யோடு நின்றுவிடும். இணைய வேகத்தைக் கூட்டியும் பயனில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. 2023-ல் டி95 என்ற ஆண்ட்ராய்டு பெட்டியில், வாங்கும்போதே தீநிரல் இருந்தது அம்பலமானது. வீட்டு இணைய இணைப்பை உரிமையாளருக்கே தெரியாமல் குற்றவாளிகள் பயன்படுத்த வழிவிடும் 'பேட்பாக்ஸ் 2.0' என்ற தீநிரல் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்தது. எல்லா சேனலும் இலவசம் என்று விற்கும் பெட்டியைத் தொடவே வேண்டாம்.

மாட்டும்போது டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். பல டிவிகளில் அது அரை ஆம்பியர்தான் தரும். படம் ஓடும்போதே பெட்டி அணைந்து மீண்டும் கிளம்பும். கூடவே வரும் அடாப்டரையே சுவர் பிளக்கில் செருகுங்கள். பெட்டி டிவியின் முதுகில் ஒட்டி இருந்தால் வைஃபை பலவீனமாகும். குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு கேபிள் இருந்தால் பெட்டியைச் சற்று வெளியே தள்ளி வையுங்கள். முழு எச்டி-க்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15.