இயங்குதளத்தின் கருவைக் கற்போம்

பெங்களூரின் தென்கிழக்கே, ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி, மின்னணு நகரத்திற்கு அடுத்து அமைந்துள்ளது பொம்மசந்திரா தொழிற்பேட்டை. இத்தகைய தொழிற்பேட்டைகளில் இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவற்றினுள் ‘கெர்னல்’ எனும் மென்பொருட் கரு உண்டு. செயலியின் நேரத்தையும் நினைவகத்தையும் நிரல்களுக்குப் பங்கிட்டு அளிப்பது இதுவே. இது நிலைகுலைந்தால் கருவியே நின்றுவிடும். கருவியை இயக்குவோர் பலர். அதன் கருவைத் திருத்தவல்லோர் குறைவு.

1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் இன்று 3 கோடி வரிகளைக் கடந்துவிட்டது. 2007-இல் சி-டாக் நிறுவனம் வெளியிட்ட ‘பாஸ்’ எனும் இந்திய இயங்குதளத்தின் கருவும் அதுவே.

இப்பெருக்கைக் கண்டு புதியவர் மலைக்க வேண்டுவதில்லை. சி மொழியும் கணிப்பொறி அமைப்பும் ஓரளவு அறிந்தவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் கற்பித்தலுக்கென உருவாக்கிய ‘எக்ஸ்வி6’ கெர்னலிலிருந்து தொடங்கலாம். அது சுமார் 10,000 வரிகளுக்குள் அடங்குவது. அதில் புதிய அமைப்பு அழைப்பொன்றைச் சேர்த்துப் பார்ப்பது நல்ல முதற்பயிற்சி. அது இயங்கும் ரிஸ்க்-வி கட்டளைத் தொகுதியே சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ செயலிக்கும் அடிப்படை என்பது கருதத்தக்கது.

அடுத்து, லினக்ஸின் ‘ஸ்டேஜிங்’ பகுதியில் சிறு திருத்தங்களை எழுதி அனுப்பலாம். பொறுப்பாளர் திருப்பியனுப்புவது இழுக்கன்று, அதுவே பாடம். கல்லூரி ஆய்வுக்கூடங்கள் இப்பயிற்சிக்கு இடமளித்தல் வேண்டும். பிறர் எழுதிய கருவைப் படித்துத் திருத்த வல்லவரே நாளை நமக்கென ஒன்றை எழுத வல்லவராவர்.