சுறாவும் சூரையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய கடற்கரையில் வலையேறும் சுறாக்களும் சூரைகளும் பெரும்பாலும் நிறத்தையும் அளவையும் கொண்டே பெயர் பெறுகின்றன. நிறம் மீன் செத்ததும் மங்கத் தொடங்கும்; அளவு வயதோடு மாறும். செவுள் பிளவு எங்கே இருக்கிறது, துடுப்பு எங்கே தொடங்குகிறது, பல்லும் செதிலும் எப்படி அமைந்திருக்கின்றன என்பவையே நம்பத்தகுந்த அடையாளங்கள்.

நம்பிக்கை 1: சுறாவுக்குச் செதில் கிடையாது.

உண்மை: உண்டு. உள்ளே பல்திசுவும் வெளியே எனாமல் போன்ற பூச்சும் கொண்ட நுண்ணிய செதில்கள் தோல் முழுக்கப் பதிந்துள்ளன. தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் கை வழுக்கும். எதிர்த்துத் தடவினால் உப்புத்தாள் போல் உராயும். தலையும் துடுப்பும் நீக்கி உப்பிட்டு உலர்த்திய கருவாட்டிலும் இந்தச் சொரசொரப்பு இருப்பதால், தோலுள்ள துண்டு சுறாவாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். உண்மையில் செதில் குறைந்தது சூரைதான். கரையோரச் சூரையிலும் எலிச்சூரையிலும் மார்பைச் சுற்றிக் கவசம் போல ஒரு செதில்பட்டை இருக்கும். அதற்குப் பின்னால், பக்கக்கோட்டைத் தவிர, உடல் வெறுமையாக இருக்கும்.

நம்பிக்கை 2: உழுவையும் வேளாவும் சுறா வகைகளே.

உண்மை: இரண்டும் திருக்கைக்கு உறவு. வாலும் முதுகுத் துடுப்பும் சுறாவை ஒத்திருப்பதே குழப்பத்துக்குக் காரணம். மீனைப் புரட்டிப் பார்த்தால் ஐயம் தீரும். சுறாவின் செவுள் பிளவுகள் தலையின் பக்கவாட்டில் இருக்கும். உழுவைக்கும் வேளாவுக்கும் அவை அடிப்புறத்தில், வாய்க்குப் பின்னால் இருக்கும். இந்த வேறுபாட்டுக்குச் சட்ட முக்கியத்துவமும் உண்டு. வேளா மீன்களும் உழுவைகளில் ஒரு பெரிய இனமும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன.

நம்பிக்கை 3: சிறிய சுறா என்றால் அது குட்டி.

உண்மை: பால் சுறா முழுவளர்ச்சி அடைந்தாலும் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆண் சுறாவின் இடுப்புத் துடுப்புகளை ஒட்டி இரண்டு குழல் போன்ற இணைவுறுப்புகள் இருக்கும். அவை நீண்டு விறைப்பாக இருந்தால் மீன் முதிர்ந்தது. குட்டையாகவும் துவண்டும் இருந்தால் இளையது. பால் சுறா போலக் குட்டி ஈனும் இனங்களில் புதிதாகப் பிறந்த குட்டியின் மார்புத் துடுப்புகளுக்கு இடையே, அடிப்புறத்தில், தொப்புள்கொடித் தழும்பு தெரியும். ஒன்றரை முழக் கொம்பன் சுறாவில் இந்தத் தழும்பு இருந்தால் அது அண்மையில் பிறந்த குட்டி. அதே நீளப் பால் சுறா இனப்பெருக்கத்துக்குத் தயாரான மீனாக இருக்கலாம்.

நம்பிக்கை 4: துடுப்பு நுனி கறுப்பாக இருக்கும் சுறாக்கள் ஒரே இனம்.

உண்மை: வங்கக் கடலில் பல இனங்களுக்குக் கறுப்பு நுனி உண்டு. அடிக்கடி மாறிப்போகும் இரண்டு இனங்களில் ஒன்றுக்கு முதல் முதுகுத் துடுப்பு மார்புத் துடுப்பின் அடிக்கு நேர் மேலே தொடங்கும்; மலப்புழைத் துடுப்பு பெரும்பாலும் வெளுப்பாக இருக்கும். நீரிலிருந்து சுழன்று துள்ளும் மற்றொன்றுக்கு முதுகுத் துடுப்பு இன்னும் பின்தள்ளித் தொடங்கும். மலப்புழைத் துடுப்பின் நுனியும் கறுத்திருக்கும். ஆனால் அதன் குட்டிகளில் கறுப்பே இராது.

இந்தக் கடற்கரைக்கே உரிய சான்று புதுச்சேரிச் சுறா. முல்லர், ஹென்லே இருவரின் நூலில் 1839இல் அறிவியல் விவரிப்புப் பெற்ற இந்த இனத்தின் மாதிரி புதுச்சேரியில் கிடைத்தது. இன்று இது அழியும் விளிம்பில் உள்ளது. 2001இலிருந்து முதல் அட்டவணைப் பாதுகாப்பும் பெற்றிருக்கிறது. இதன் மார்புத் துடுப்புகள், இரண்டாம் முதுகுத் துடுப்பு, வாலின் கீழ்மடல் ஆகியவற்றின் நுனிகள் கறுப்பு. சாதாரணமாகக் கிடைக்கும் புள்ளிவால் சுறாவுக்கும் அதே இடங்களில்தான் கறுப்பு. ஆகவே மேல்தாடைப் பல்லைப் பார்க்க வேண்டும். புதுச்சேரிச் சுறாவின் பல்லில் குறுகிய முனை வழுவழுப்பாகவும் அடிப்பகுதி ரம்பம் போலவும் இருக்கும். புள்ளிவால் சுறாவின் சாய்ந்த பல்லில் முனையின் விளிம்பும் ரம்பமாக இருக்கும்.

நம்பிக்கை 5: கொம்பன் சுறா ஒரே வகை.

உண்மை: தலையின் முன்விளிம்பே வகையைச் சொல்லும். விளிம்பு வளைந்து நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் ஓர் இனம். விளிம்பு ஏறத்தாழ நேர்கோடாக, நடுப்பள்ளத்தோடு இருந்து, முதுகுத் துடுப்பும் அரிவாள் போல உயர்ந்திருந்தால் அது பெருங்கொம்பன். தலையின் அகலமே உடல் நீளத்தில் பாதியை நெருங்கினால் அது சிறகுத்தலைக் கொம்பன்.

நம்பிக்கை 6: சூரை என்றால் எல்லாம் சூரைதான்.

உண்மை: முதுகிலிருந்து வால்வரை வரிசையாக நிற்கும் சிறு துடுப்புகள் எல்லாச் சூரைகளுக்கும் உண்டு, வஞ்சிரத்துக்கும் உண்டு. ஆகவே அவை இனத்தைக் காட்டா. முதுகில் சாய்ந்த வரிகளும், மார்புத் துடுப்புக்குக் கீழே சில கரும்புள்ளிகளும் இருந்தால் அது கரையோரச் சூரை. வயிற்றில் நீளவாக்கில் கருங்கோடுகள் ஓடினால் வரிச்சூரை. லட்சத்தீவில் மாசிக் கருவாடு செய்யப் பயன்படுவது இதுவே. இரண்டு முதுகுத் துடுப்புகளுக்கும் நடுவே அகன்ற இடைவெளி இருந்து, வயிறு கோடும் புள்ளியும் இல்லாமல் வெளுத்திருந்தால் எலிச்சூரை.

நம்பிக்கை 7: சிறு துடுப்புகள் மஞ்சளாக இருந்தால் அது மஞ்சள் துடுப்புச் சூரை.

உண்மை: ஆழ்கடலில் கிடைக்கும் பெருங்கண் சூரைக்கும் அவை மஞ்சளே. வளர்ந்த மஞ்சள் துடுப்புச் சூரையை நீண்டு வளைந்த இரண்டாம் முதுகுத் துடுப்பால் அறியலாம். இளம் மீனில் அந்த நீளம் இராது. அப்போது ஈரலைப் பார்ப்பதே உறுதியான வழி. பெருங்கண் சூரையின் ஈரலில் கீழ்ப்பரப்பு வரிவரியாக இருக்கும். மஞ்சள் துடுப்புச் சூரையின் ஈரல் வழுவழுப்பாக இருக்கும்.

நம்பிக்கை 8: சதை கருஞ்சிவப்பாக இருந்தால் மீன் பழையது.

உண்மை: இடைவிடாமல் நீந்தும் சூரையின் தசையில் ஆக்சிஜனைத் தேக்கும் மயோகுளோபின் மிகுதி; சிவப்பு நிறம் அதனால் வருவது. புதிய மீனா என்பதைத் தெளிந்த கண், சிவந்த செவுள், வாடை, சதையின் இறுக்கம் ஆகியவற்றால் அறிய வேண்டும். பிடித்தவுடன் பனிக்கட்டியில் வைக்காத சூரையில் ஹிஸ்டமின் உருவாகி, உண்டவருக்கு அரிப்பும் தடிப்பும் வரலாம். சமைத்தாலும் அது அழியாது. அந்த அரிப்பு சூரையின் இயல்பு அன்று. குளிர்ச்சி தவறியதன் விளைவு.