ரயில் நிலையத்து மாடியில் ஒரு ராஜ சாப்பாடு

பாரிஸில் பெயர்பெற்ற பழைய உணவகம் ஒன்றுக்குப் போவதாக இருந்தால், ஏதாவதொரு சமையலறையில் வேலை பார்த்த நண்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வழிகாட்டிப் புத்தகங்களில் இல்லாதது எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு வாய்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். பாரிஸுக்கு வந்து சேர்ந்த ஈழத்தமிழர் பலரையும்போல அவருக்கும் முதலில் கிடைத்தது கோப்பை கழுவும் வேலை. பிறகு காய் நறுக்கி, அடுப்படிவரை முன்னேறி, இப்போது ஓய்வில் இருக்கிறார். என்னைவிட மூத்தவர் என்பதால் 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவேன்.

நாங்கள் போனது கார் து லியோன் ரயில் நிலையத்து மாடியில் இருக்கும் 'லு த்ரேன் ப்ளூ'. தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷாப்பலிலிருந்து அது தூரமே இல்லை. பக்கத்திலுள்ள கார் து நோர் நிலையத்தில் ஆர்.இ.ஆர். டி ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம்.

1900 உலகக் கண்காட்சியையொட்டி எழுப்பிய நிலையம் அது. உணவகத்தை 1901-இல் திறந்துவைத்தவர் நாட்டின் அதிபர் எமில் லூபே. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கடைக்கு அதிபர் எதற்கு என்று தோன்றும். உள்ளே நுழைந்தால் தோன்றாது. பாரிஸ், லியோன், மார்செய் என மூன்று ஊர்களும் கூரையில் ஓவியங்களாக விரிகின்றன. சுவர்களில் மோன் பிளான் பனிமலை, தெற்குக் கடற்கரை, மொனாக்கோ. மொத்தம் 41 ஓவியங்கள், சுற்றிலும் பொன்பூச்சு. பெரும்பாலும் நிலையத்தைக் கட்டிய ரயில் கம்பெனியின் வண்டிகள் போன இடங்கள்தாம். சுருக்கமாகச் சொன்னால், விளம்பரம்! நம்மூர் லாட்ஜ் வரவேற்பறையில் கொடைக்கானல் படம் மாட்டுகிற அதே புத்தி, செலவுதான் வேறு. தெற்குக் கடற்கரைக்கு ஓடிய நீல நிறச் சொகுசு ரயிலின் பெயரை உணவகத்துக்கு வைத்தது 1963-இல். அந்த ரயிலை வைத்துத்தான் அகதா கிறிஸ்டி 1928-இல் ஒரு நாவல் எழுதினார். 1972-இல் உணவகம் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. இதெல்லாம் நினைவில் நிற்காவிட்டால் பரவாயில்லை, மிஸ்டர் பீன் ஒரு படத்தில் சிப்பியோடு மல்லுக்கட்டுவாரே, அது இங்கேதான்.

இனி அண்ணையின் பாடங்கள். இரவில் போகாதீர்கள், மதியம் போங்கள். மதியத்தில்தான் செட் மெனு கைக்கு அடக்கமாக இருக்கும், வெளிச்சத்தில் கூரையும் நன்றாகத் தெரியும். விலைப்பட்டியலை வாசலிலேயே வைக்க வேண்டும் என்பது பிரான்ஸில் சட்டம். நின்று படித்து, மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு ஏறுங்கள். சமையலறை மூடப் போகிற நேரத்தில் போய் உட்காராதீர்கள். "அடுப்பைத் துடைச்சுப்போட்டு நிக்கிறவன் என்ன மனசோட சமைப்பான் எண்டு யோசியுங்கோ" என்றார். கழுவித் துடைத்தவர் சொல்வதால் நம்பலாம்.

நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் நேராகக் கேட்க வந்ததைக் கேட்டால் பரிசாரகரின் முகம் இறுகிவிடும். தண்ணீருக்குப் பாட்டில் வேண்டியதில்லை. 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் இலவசமாக வரும், ரொட்டிக்கும் காசு கிடையாது. இறைச்சி நன்றாக வெந்திருக்க வேண்டும் என்றால் 'பியான் க்வி' என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அவர்கள் நடுத்தரப் பதம் என்று கொண்டுவருவது நம் கண்ணுக்குப் பாதி பச்சையாகத்தான் இருக்கும். சுத்த சைவக்காரர்கள் முன்பதிவின்போதே அதைச் சொல்லிவைப்பது நல்லது.

எதை வாங்குவது? பட்டியலில் புதுமையாக இருப்பதைத் தேடாமல், அந்த உணவகம் தினமும் செய்து கை பழகியதைக் கேட்க வேண்டும் என்பது அண்ணையின் சட்டம். இங்கே அது ஆட்டுத்தொடை. முழுத் தொடையைத் தள்ளுவண்டியில் மேசைக்கே கொண்டுவருகிறார்கள். வெள்ளி மூடியைத் திறந்ததும் ஆவி கிளம்புகிறது. பரிசாரகர் நீளமான மெல்லிய கத்தியை எடுத்தார். "முகத்தைப் பாக்காதேங்கோ, மணிக்கட்டைப் பாருங்கோ" என்றார் அண்ணை காதருகில். கத்தியை அழுத்தவே இல்லை, இழுக்க மட்டும் செய்தார். துண்டு தானாகச் சரிந்து தட்டில் விழுந்தது. மேலே ஒரு கரண்டி சாறு, பக்கத்தில் பாலாடையில் வெந்த உருளைக்கிழங்கு. இதைவிட ருசியான ஆட்டுக்கறி இதில் பாதி விலைக்கு பாரிஸில் கிடைக்கும். ஆனால் அந்தக் கைவேலையைப் பார்க்க இங்கேதான் வர வேண்டும்.

இடையில் உள்ளே எங்கோ தட்டு உடைந்தது. மண்டபத்தில் ஒருவரும் திரும்பவில்லை, அண்ணை மட்டும் திரும்பினார். "பெடியன் புதுசு போல."

சாப்பிட்டு முடித்தால் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் இணையாக வைத்துவிடுங்கள், தானாக எடுத்துக்கொள்வார்கள். உதவுவதாக நினைத்துத் தட்டுகளை அடுக்கிக் கொடுக்க வேண்டாம். அது அவர்கள் ஏந்தும் முறையைக் கெடுக்கிறது. பில்லும் கேட்டால்தான் வரும். கேட்காமல் கொண்டுவந்து வைத்தால், எழுந்து போ என்று சொல்வதாகிவிடும் என்பது அங்குள்ள மரியாதை. சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கிவிட்டது. திருப்தியாக இருந்தால் சில்லறையாக ஏதாவது வைக்கலாம், வைக்காவிட்டால் குறையில்லை.

யார் காசு கொடுப்பது என்பதை மட்டும் படியேறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். தமிழர் இருவர் பில்லைப் பிடித்து இழுப்பதற்கு ஏற்ற இடம் அல்ல அது. "நான் இருக்கிற ஊரில நீங்கள் குடுக்கிறதோ?" என்று தொடங்கியவரை, சாப்பாடு என்னுடையது, வைன் அவருடையது என்று வாசலிலேயே சம்மதிக்க வைத்தேன்.

இவ்வளவு செலவு கட்டுப்படியாகாது என்றால், அங்கேயே இருக்கும் லவுஞ்சில் ஒரு காபி மட்டும் சொல்லிவிட்டு உட்காரலாம். வெளியே விற்கும் காபியைவிட விலை கூடுதல்தான், ஆனால் கொடுக்கலாம். ரயில் டிக்கெட் எதுவும் தேவையில்லை.