மூலத்தைப் போய்ப் பாருங்கள்

ஆய்வுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு,

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவுடன் எல்லாரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்து ஆராய்ச்சி நெறிமுறைகள் நடத்துகிறார்கள். கானா பாட்டை ஆராய வந்தவர் ஒரு வரிசையில் இருப்பார், கணினிக்குப் பேச்சொலியைப் பழக்க வந்தவர் அடுத்த வரிசையில் இருப்பார், நடுவில் பொருளாதாரமும் தாவரவியலும் இருக்கும். "இது எனக்கெதற்கு, என் துறையே வேறு" என்ற எண்ணம் பல முகங்களில் தெரியும். ஆய்வு மாணவர்களோடு வாழ்நாளைக் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வகுப்பு உங்கள் எல்லாருக்கும் பொதுவானதுதான். எந்தத் துறையானாலும் கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை, கையால் கணக்குப் போட்டதை எழுத வேண்டும். கீழே வருவதெல்லாம் இதன் விரிவு.

1. தலைப்புக்கு முன்னால் கேள்வியைத் தேடுங்கள்.

"தமிழ்த் திரையிசை – ஓர் ஆய்வு" என்று பதிவு செய்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் எந்த இயலில் எதை வைப்பது என்று திணறுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தலைப்புக்குள் கேள்வியே இல்லை. பீட்டர் மானுவல் 1993-இல் 'கேசட் கல்ச்சர்' என்ற நூலை வெளியிட்டார். மலிவான கேசட் வந்ததும் வட இந்தியாவில் யாரெல்லாம் பாட முடிந்தது, யாரெல்லாம் விற்க முடிந்தது என்பது அவருடைய கேள்வி. தமிழ் சினிமாவில் பாடுகிற குரலும் நடிக்கிற உடலும் தனித்தனியாகப் பிரிந்தபோது பாடகிக்கு என்னென்ன கட்டுப்பாடுகள் வந்தன என்று அமண்டா வைட்மன் கேட்டார். அவருடைய நூல் 2021-இல் வந்தது. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடம்தான் ஓடும். அந்த 3 நிமிடம் பல்லவியையும் சரணத்தையும் என்ன செய்தது என்று கேட்டால், ஓர் ஆய்வேட்டுக்கு அதுவே போதும்.

2. வெற்றிக்குக் காரணம் சொல்லும் ஆய்வில் இறங்குமுன் தயங்குங்கள்.

ஹிட்டான பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு அது ஏன் ஹிட்டானது என்று எழுதுவது எளிது. மெட்டு, வரி, குரல், நடிகர் என்று எதைச் சொன்னாலும் பொருந்தும். சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் 2006-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து, வந்த 14,341 பேரைப் பல கூட்டங்களாகப் பிரித்தார்கள். சிலருக்குப் பாட்டு மட்டும் தெரியும். மற்றவர்களுக்குத் தங்கள் கூட்டத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையும் தெரியும். எண்ணிக்கை தெரிந்த கூட்டங்களில் பாட்டுகளின் வரிசை கூட்டத்துக்குக் கூட்டம் மாறியது. 'லாக்டவுன்' என்ற ஒரே பாட்டு ஒரு கூட்டத்தில் முதலிடம் பிடித்தது, இன்னொன்றில் 40-ஆம் இடத்தில் கிடந்தது. பாட்டு மாறவில்லை, அதைக் கேட்டவர்கள் மற்றவர்களைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஆகவே வெற்றி பெற்றதை ஆராயும்போது, அதே மாதிரி இருந்தும் தோற்றதைப் பக்கத்தில் வையுங்கள். தோற்ற பாடல்களின் பட்டியல் இல்லாத வெற்றி ஆய்வை நான் ஏற்பதில்லை.

3. "இதெல்லாம் ஆய்வுக்குரிய பொருளா?" என்று கேட்பார்கள்.

பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். மக்களிசைக்கென்று பன்னாட்டு ஆய்வுச் சங்கமும் 'பாப்புலர் மியூசிக்' என்ற கேம்பிரிட்ஜ் ஆய்விதழும் 1981-இல் தொடங்கின. அதே ஆண்டில்தான் நாடகம், இசைத்தட்டு, சினிமா ஆகியவற்றைச் சுதந்திரப் போராட்டத்தின் சான்றுகளாக வைத்துத் தியடோர் பாஸ்கரன் தம் நூலை வெளியிட்டார். கவனமாகச் செய்த வேலையே போதும், அது நிற்கும்.

4. மூலத்தைப் பார்க்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

இதை நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பழைய படப் பாடல் ஒன்றை ஆராய்கிறீர்கள் என்று வையுங்கள். இணையத்தில் வரிகள் கிடைக்கும், பாடியவர் பெயரும் கிடைக்கும். அவை யாரோ கேட்டு, யாரோ தட்டச்சு செய்து, இன்னொருவர் எடுத்துப் போட்டவை. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிய ஓர் ஓவியர் சேர்த்து வைத்த நூல்களைக் கொண்டு 1994-இல் உருவான நூலகம் அது. அங்கே போய் அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வாங்குங்கள். பழுப்பேறிய மெல்லிய தாள், முதலில் நடிகர் பட்டியல், பிறகு பாதியில் நிறுத்தி மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும் கதைச் சுருக்கம், அதன் பின் பாடல்கள் என்று இருக்கும். பழைய புத்தகங்களில் ராகமும் தாளமும்கூடப் போட்டிருக்கும். அச்சான வரி, இசைத்தட்டில் கேட்கும் வரி, படத்தில் வரும் வரி மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கே மாறுகின்றனவோ அங்கே உங்கள் ஆய்வு தொடங்குகிறது.

அச்சில் இருக்கிறது என்பதற்காகவும் நம்பிவிடக் கூடாது. 1949-இல் வந்த 'மஹல்' என்ற இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய புகழ்பெற்ற பாடலின் இசைத்தட்டில், பாடியவர் 'காமினி' என்று இருந்தது. காமினி படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். தட்டை மட்டும் பார்த்தவர் இல்லாத பாடகியைப் பட்டியலில் சேர்ப்பார், தட்டையே பார்க்காதவருக்குப் பின்னணிப் பாடகியின் பெயர் மறைக்கப்பட்ட வரலாறே தெரியாமல் போகும். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி, பாடம் ஒப்பிட்டு, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பாட்டுப் புத்தகத்துக்கும் அந்த அளவு மரியாதை கொடுங்கள்.

5. கணினித் துறைக்காரர்களே, உங்கள் மூலம் தரவுத்தொகுப்பு. அதைத் திறந்து பாருங்கள்.

இசையின் வகையைக் கணினி கண்டுபிடிக்குமா என்று சோதிக்க 2002 முதல் பெரிதும் பயன்பட்ட தொகுப்பு ஒன்று உண்டு. ஜிடிசான் என்பார்கள். ப்ளூஸ், ஜாஸ், ரெகே என 10 வகை, வகைக்கு 100 துண்டு, ஒவ்வொன்றும் 30 வினாடி. அதை வைத்து, என் நிரல் இத்தனை சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று ஆண்டுக்கணக்கில் கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. பாப் ஸ்டர்ம் என்ற ஆய்வாளர் அந்த ஆயிரம் துண்டுகளையும் ஆராய்ந்து பார்த்து, 2013-இல் அதன் குறைகளை வரிசைப்படுத்தினார். ஒரே துண்டு இரண்டு முறை இருந்தது. வகை மாற்றிப் பெயரிட்டவை இருந்தன. ஒன்றில் சில வினாடிகளுக்குப் பிறகு ஒலியே சிதைந்திருந்தது. ரெகேயில் பாப் மார்லி திரும்பத் திரும்ப வந்தார். பயிற்சிக்கும் மார்லி, தேர்வுக்கும் மார்லி என்றால், கணினி ரெகேயைக் கற்றதா, மார்லியின் குரலைக் கற்றதா?

ஆயிரம் துண்டையும் முழுதாகக் கேட்க எட்டு மணி இருபது நிமிடம் ஆகும். ஒரு நாள் வேலை. அதைச் செய்யாமல் எத்தனையோ ஆண்டு உழைப்பு போயிற்று என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. உங்கள் தரவில் நூறு வரியையாவது, நூறு படத்தையாவது, நூறு ஒலித்துண்டையாவது நீங்களே பாருங்கள், கேளுங்கள். இந்த வேலையை இளையவரிடம் தள்ளிவிடாதீர்கள்.

6. சரியான விடை வந்ததும் சந்தேகப்படுங்கள்.

பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல் கணக்குக்குக் காலைத் தட்டி விடை சொன்னது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907-இல் காரணத்தை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் அசைவதைப் பார்த்து அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. மேலே சொன்ன ஸ்டர்ம், இசை வகை சொல்லும் நிரல்களையும் இப்படித்தான் சோதித்தார். மனிதக் காதுக்கு வகை மாறாதபடி ஒலியைச் சற்றே மாற்றினார், நிரலின் விடை மாறிவிட்டது. உங்கள் நிரலின் சதவீதத்தை எழுதுமுன் அது எதைப் பார்த்து விடை சொல்கிறது என்று சோதித்து, அந்தச் சோதனைக்கு ஒரு தனி இயலே ஒதுக்குங்கள்.

7. கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

மோட்சார்ட் இசை கேட்டால் குழந்தைக்கு அறிவு வளரும் என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். அதன் மூலம் 1993-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு பக்கக் குறிப்பு. 36 கல்லூரி மாணவர்கள் மோட்சார்ட்டின் ஒரு சொனாட்டாவை 10 நிமிடம் கேட்டார்கள். வடிவங்களை மனத்தில் மடித்து விரிக்கும் சோதனையில் அவர்களுடைய மதிப்பெண் கூடியது. அந்தப் பலன் 10, 15 நிமிடத்தில் மறைந்தது. அவ்வளவுதான் அதில் உள்ளது, குழந்தைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனாலும் 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். குறிப்பை எழுதியவர்கள் அளவாகத்தான் எழுதியிருந்தார்கள். அளவாக எழுதியதே இப்படி ஊதிப் பெருகும் என்றால், ஊதி எழுதியது என்ன ஆகும் என்று யோசியுங்கள். "இவ்வாய்வால் நிறுவப்படுகிறது" என்ற தொடரைக் கையாளுமுன் எத்தனை பேரிடம், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்று சேர்த்து எழுதிப் பாருங்கள். தொடர் தானாக அடங்கும்.

8. முதல் பயிற்சியாகப் பெரியவர் ஒருவரின் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற பெயர்பெற்ற பொருளாதார அறிஞர்கள் 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாட்டின் கடன் அதன் ஆண்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதம் என்றார்கள். அரசுகள் செலவைக் குறைக்க அதைச் சான்று காட்டின. மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டார், விடை வரவில்லை. அவர் கேட்டதும் கட்டுரை ஆசிரியர்கள் தங்கள் எக்செல் கோப்பை அனுப்பினார்கள். சராசரி எடுத்த இடத்தில் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய 5 நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகளின் தரவும் சேரவில்லை. எல்லாவற்றையும் திருத்திப் போட்டால் 2.2 சதவீதம் வந்தது. 2013-இல் அந்தத் திருத்தம் வெளியானது.

அந்த மாணவரின் பொறுமையைப் பாராட்டுகிறேன். கேட்டதும் கோப்பைக் கொடுத்த ஆசிரியர்களையும் மதிக்கிறேன். உங்கள் கோப்பும் அப்படிக் கொடுக்கும்படி ஒழுங்காக இருக்கட்டும்.

9. ஆட்களிடமிருந்து வருவதை ஆட்களுடையதாகவே நடத்துங்கள்.

கோடம்பாக்கத்தில் வயலின் வாசித்த கலைஞர் பேட்டி கொடுத்தால், எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று அவரிடமே கேளுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று கணினித் துறையினர் நினைக்கிறார்கள், போதாது. நெட்ஃபிளிக்ஸ் 2006-இல் ஏறத்தாழ 5 லட்சம் பேருடைய மதிப்பீடுகளைப் பெயர் நீக்கி வெளியிட்டது. பொதுவில் கிடைத்த வேறொரு தளத்தின் மதிப்பீடுகளோடு ஒப்பிட்டு ஆட்களை அடையாளம் காண முடியும் என்று அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் 2008-இல் காட்டினார்கள்.

10. படிக்காத நூலை அடிக்குறிப்பில் போடாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் தரும். நியூயார்க்கில் 2023-இல் இரண்டு வழக்கறிஞர்கள் அப்படிக் கிடைத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அந்தத் தீர்ப்புகள் எங்கும் இல்லை, 5,000 டாலர் அபராதம் விழுந்தது. ஒப்புமைச் சோதனையில் 10 சதவீதத்துக்குள் வந்தால் போதும் என்று சொல்லைப் புரட்டிப் போடுவதும் இதே வகைதான்.

11. காசு கேட்கும் இதழுக்கு அவசரப்பட்டு அனுப்பாதீர்கள்.

ஜான் பொஹன்னன் 2013-இல் வேண்டுமென்றே பிழைகளோடு ஒரு போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார், 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிகளில் நீக்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழக விதியைப் படித்துவிட்டு, நெறியாளரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

12. பக்கத்துத் துறையின் கதவைத் தட்டுங்கள்.

பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011-இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம் கர்நாடக இசையையும் துருக்கிய மகாமையும் கணினிவழி ஆராய்ந்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் சேர்ந்து உழைத்தது. இங்கே ஒரு கமகத்தைக் கணினி ஏன் தவறாக எடுக்கிறது என்று பொறியாளருக்குப் புரியவைக்க, பாடத் தெரிந்தவர் வேண்டும். உங்கள் வளாகத்தில் இசைத் துறையும் கணினித் துறையும் இருந்தால், வாரம் ஒரு மாலை சேர்ந்து உட்காருங்கள்.

13. சேர்த்ததை வீட்டுப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

ஆய்வேடு, ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்துக்குப் போய்விடுகிறது. பேட்டி எடுத்த ஒலிநாடா, படம் எடுத்த பாட்டுப் புத்தகம், சரிபார்த்த தரவு, எழுதிய நிரல் ஆகியவை உங்கள் பழைய மடிக்கணினியோடு போகின்றன. 1998-இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவர்கள் தமிழ் நூல்களைக் கூலி வாங்காமல் தட்டச்சு செய்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். இன்று தமிழில் கணினி ஆய்வு செய்கிறவர்களுக்கு அந்த உழைப்பு கைகொடுக்கிறது. பேட்டி கொடுத்தவரின் ஒப்புதலைக் கேட்டுக்கொண்டு, வாய்மொழித் தேர்வு முடிந்த அந்த வாரத்திலேயே ஒரு பிரதியை உங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கோ ரோஜா முத்தையா போன்ற காப்பகத்துக்கோ கொடுத்து, எப்போது, எங்கே, யாரிடம் எடுத்தது என்ற குறிப்பையும் சேர்த்து வையுங்கள். இதை எனக்காகச் செய்யுங்கள்.