துப்பாக்கி கற்க யாரிடம் போவது?

கம்பம் பள்ளத்தாக்கில் பல பிள்ளைகள் முதன்முதலாகத் துப்பாக்கி பிடிப்பது கல்லூரி என்.சி.சி. முகாமில், .22 ரைஃபிளில். மனதில் போலீஸ், ராணுவம், வனத்துறை என்று ஏதாவது ஒரு வேலை இருக்கும். துப்பாக்கிக் காவலர் வேலைக்காக லைசென்ஸ் கேட்பவர்களும் உண்டு. 2016 ஆயுத விதிகளின்படி அவர்கள் பாதுகாப்புப் பயிற்சி முடித்தாக வேண்டும். எங்கே கற்றாலும் சொல்லித்தருபவர் சரியானவரா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

முதலில் அவர் கையைக் கவனியுங்கள். துப்பாக்கியைத் தரும் முன் மேகசினைக் கழற்றுகிறாரா? போல்ட்டை இழுத்து, சேம்பருக்குள் குனிந்து பார்த்து, அதன் வாயைச் சுண்டு விரலாலும் தடவுகிறாரா? பிறகு உங்களிடம் காட்டி, உங்களையும் அதையே செய்யச் சொல்கிறாரா? "இப்பத்தானே பார்த்தோம்" என்று ஒரே ஒரு தடவை விட்டாலும் அவர் வேண்டாம். எத்தனை பதக்கம் வாங்கியிருந்தாலும் வேண்டாம். முதல் வகுப்பிலேயே குண்டை நீட்டுபவரும் அப்படித்தான்.

அடுத்து, உங்களுக்கு எந்தக் கண் ஓங்கியது என்று சோதிக்க வேண்டும். இரு உள்ளங்கைகளுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டு, எதிர் மலையில் ஒரு மரத்தைப் பார்க்கச் சொல்வார். ஓங்கிய கண்ணை மூடினால் மரம் மறையும், மற்றதை மூடினால் மறையாது. ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் எல்லோரையும் துப்பாக்கியை வலது தோளில் வைக்கச் சொல்பவர் அவசரக்காரர்.

நீங்கள் சுடும் ஐந்து குண்டும் இலக்கின் நடுவிலிருந்து விலகி, ஆனால் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்தால் நல்ல ஆசான் சந்தோஷப்படுவார். உங்கள் பிடியும் மூச்சும் சீராக இருக்கின்றன; மிச்சத்தை சைட்டைத் திருத்திச் சரிசெய்யலாம். "கொஞ்சம் இடது பக்கம் குறி வை" என்பவர் உங்களைக் குழப்பிவிடுவார்.

ஏர் ரைஃபிளை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்காதீர்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். அந்தப் போட்டி இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். ஏர் ரைஃபிளில் பின்னுதைப்பு குறைவு என்பதால் விரல் செய்யும் தப்பு உடனே தெரியும்.

தோட்டத்தில் நாட்டுத் துப்பாக்கி வைத்து "பன்றி சுடலாம் வா" என்று அழைப்பவரிடம் போகவே போகாதீர்கள். லைசென்ஸ் இல்லாத ஆயுதம், ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தின் ஓரம், வேட்டை வழக்கு: அரசு வேலைக் கனவு அங்கேயே முடியும்.

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் கட்டாதீர்கள்.