பிளஸ் ஒன்னில் பள்ளி மாறலாமா?

கேள்வி: என் மகள் தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். இனி அரசுப் பள்ளியில் சேர்த்தால், 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மருத்துவமோ பொறியியலோ கிடைக்குமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: கிடைக்காது, சகோதரி. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே அந்த ஒதுக்கீடு. கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளிகள்கூட இதில் சேராது.

நீட் வந்தபின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் மிகச் சிலரே மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய முடிந்தது. அந்த அநீதியைச் சரிசெய்யவே 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் இந்த ஒதுக்கீடு சட்டமானது. அது அவர்களுக்கான உரிமை, அவர்களிடமே இருக்கட்டும்.

உங்கள் மகளுக்கும் வழி இருக்கிறது. தமிழகப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுவார்கள். அதில் ஒவ்வொரு அரை மதிப்பெண்ணும் கல்லூரியை மாற்றும். மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண்தான் தரவரிசை. பிளஸ் டூ மதிப்பெண் தகுதிக்கு மட்டும்.

ஒதுக்கீட்டுக்காகப் பள்ளியை மாற்றாதீர்கள். நல்ல கணித ஆசிரியர் இருக்கிறார், வீட்டுக்குப் பக்கம் என்றால், அரசுப் பள்ளியில் தாராளமாகச் சேருங்கள். பிளஸ் ஒன் பாடத்தை மட்டும் அவள் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூவுக்கும் நீட்டுக்கும் அதுவே அஸ்திவாரம்.