தவணை முறையில் சந்தியாகோ நடைப்பயணம்

பிரான்சின் சான்-ழான்-பியே-த-போர் ஊரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ பேராலயம்வரை செல்லும் யாத்திரைப் பாதை சுமார் 780 கி.மீ. ஒரே மூச்சில் நடக்க ஐந்து வாரம் ஆகும். அத்தனை நாள் விடுப்பு இல்லாதவர்கள் சில ஆண்டுகளில் தவணையாக நடப்பதே நல்லது. விட்டுவிட்டு நடப்பது யாத்திரையாகுமா என்று கேட்கலாம். நடந்து முடித்தவர்களுக்குச் சான்றிதழ் தரும் சந்தியாகோ யாத்ரிகர் அலுவலகமே அதை ஏற்கிறது. விட்ட இடத்திலேயே தொடங்க வேண்டும், யாத்ரிகர் கையேட்டில் தேதியோடு முத்திரைகள் வேண்டும், அவ்வளவுதான். ஆகவே பழைய கையேட்டைத் தொலைத்துவிடாதீர்கள். ரயிலும் பேருந்தும் உள்ள லொக்ரோன்யோ, புர்கோஸ், லெயோன் நகரங்களில் நிறுத்தினால் மறுமுறை வந்து சேர்வது எளிது. ஒவ்வொரு தவணையிலும் கால் புதிதாகப் பழக வேண்டுமே என்ற குறை மட்டும் நியாயமானது. அதற்காகவே முதல் இரண்டு நாள் தூரத்தைக் குறையுங்கள். பிரனீஸ் மலை ஏறும் தொடக்க நாளில் நடுவழியில், ஒரிசோன் விடுதியில் தங்கலாம். நவம்பர் முதல் மார்ச் வரை அந்த மலைப்பாதை மூடியிருக்கும்.